நிறத்துக்குச் சாட்சி கேட்ட நாச்சிமுத்து மாமா

மாமா இறந்துவிட்டார் என்ற செய்தியை எங்கள் வீட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. மதியச் சங்கு ஊதி அடங்கிய நேரம். மில்லிலிருந்து சைக்கிளில் வந்தவர் வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டே, "ஏனுங்க, மேஸ்திரி போயிட்டாருங்க" என்றார். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைக்காமல், "நீங்க பாத்தீங்களா? ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

"குடோன்ல பஞ்சுப் பேல் மேல சாஞ்சு உக்காந்திருந்தாருங்க. டாக்டர் வந்து பாத்துட்டாருங்க."

"வேற ஆராவது பாத்தாங்களா?"

அப்படிக் கேட்ட பிறகுதான், அது தன் அண்ணன் கேட்கிற கேள்வி என்று அம்மாவுக்கே உறைத்திருக்க வேண்டும். முறம் நழுவிக் கீழே விழுந்தது.

மாமாவின் படத்திறப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைச் 'சந்தேக மேஸ்திரி' என்றுதான் அறிவார்கள். மீதிப் பேர், அவர் ஏன் மேஸ்திரி வேலையை விட்டுப் பஞ்சு குடோனுக்குப் போனார் என்பதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். குடித்துவிட்டு வந்தார் என்றுகூட ஒருவர் சொன்னாராம். அதனால் நடந்ததை எழுதித் தரும்படி அம்மா என்னிடம் சொன்னார். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். கூட்டத்தில் எனக்கு வாய் வராது. நான் எழுதுகிறேன், அண்ணன் படிப்பான்.

மாமா யாரையும் எதையும் லேசில் நம்பமாட்டார். எனக்கு நினைவு தெரிந்து முதலில் பார்த்தது சித்தியின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனபோது. சித்தி என்றால் மாமாவுக்குக் கடைசித் தங்கை. தாத்தா இல்லாத அந்த வீட்டில் எல்லாம் மாமாதான் பார்த்துச் செய்தார். டவுனில் ஒரு ராவுத்தர் கடை. சிவப்பில் சேலை வேண்டும் என்று சித்தி சொல்லியிருந்தார். ராவுத்தர் ஒரு சேலையை விரித்து, நல்ல சிவப்பு என்றார். மாமா கடைப் பையனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவனும் சிவப்பு என்றான். பக்கத்தில் வேட்டி எடுக்க வந்திருந்தவரிடமும் கேட்டார்.

ராவுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேஸ்திரி, நான் சொல்லிட்டேன், பையன் சொல்லிட்டான், முன்னப்பின்ன தெரியாத மனுசரும் சொல்லிட்டாரு. சிவப்பைச் சிவப்புன்னு சொல்ல இன்னும் எத்தனை சாட்சி வேணும்?"

"ஏவாரம்னா அப்படித்தானுங்க. நீங்க பாயில உக்காந்துட்டா கருப்பும் வெள்ளை ஆயிருமே" என்ற மாமா, என்னைத் தூக்கிச் சேலை பக்கத்தில் உட்கார வைத்தார். "கண்ணு, நீ சொல்லு. இது என்ன நிறம்?"

எனக்கு வெட்கம். அவர் காதோடு "சிவப்பு" என்றேன்.

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"சரிங்க, கட்டுங்க" என்றார்.

வீட்டிலும் அப்படித்தான். தக்காளி வாங்கி வந்தால் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டுவார், பிறகு அக்கம்பக்கத்தில் யாரையாவது கேட்பார். அத்தை தலையில் அடித்துக்கொள்வார். "இவருக்கு வாக்கப்பட்டு, தக்காளிக்குக் கூட ரெண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருக்குது" என்பார். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். மாமாவும் சிரிப்பார். ஆனால் அடுத்த தடவையும் கேட்பார்.

மில்லில் அந்தக் குணம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. நூலின் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசாகும். நாற்பதாம் நம்பர் நூல் சுற்றும் பாபினுக்கு அடியில் சிவப்புப் பட்டையும், அறுபதாம் நம்பர் பாபினுக்குப் பச்சைப் பட்டையும் அடித்திருப்பார்கள். மற்ற மேஸ்திரிகள் பட்டையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். மாமா ஒவ்வொரு கூடையிலும் கைவிட்டு, நூலை விரலில் உருட்டிப் பார்ப்பார். "பெயிண்ட் அடிக்கிறவன் தூக்கத்துல அடிச்சிருப்பான். நூலு பொய் சொல்லாது" என்பார். அவர் கை பட்டுப் போன நூல் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை என்று மேனேஜரே சொல்வாராம்.

அண்ணனை அந்த மில்லில் சேர்த்துவிட்டதும் மாமாதான். ஸ்பின்னிங் பகுதியில், வேறொரு மேஸ்திரியின் கீழ், நிறைந்த பாபின்களைக் கழற்றிக் காலிப் பாபின்களை மாட்டும் வேலை. சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். பல்லடத்துத் தறிக்காரர்கள் ஒரு லோடு நூலைத் திருப்பி அனுப்பினார்கள். துணியில் கோடு கோடாக விழுகிறது, இரண்டு நம்பர் நூலும் கலந்திருக்கிறது என்றார்கள். விசாரித்துக்கொண்டே வந்ததில், கலந்தது அண்ணனின் கூடைகள் என்று முடிந்தது.

அது போனஸ் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். அண்ணன் அதற்கு முந்தைய வாரம் கேட்டுக்கு வெளியே சங்கக்காரர்கள் பேசியதை நின்று கேட்டிருக்கிறான். அது போதாதா? வேண்டுமென்றே கலந்தான், யாரோ செய்யச் சொல்லித்தான் செய்தான் என்று எழுதி, வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திங்கட்கிழமை விசாரணை. குற்றம் என்று முடிவானால் வேலை போகும். நூலைக் கெடுத்தவன் என்ற பேரோடு வெளியே வந்தால் கோயமுத்தூரில் எந்த மில்லும் ஏற்காது. போலீசுக்கும் எழுதுவோம் என்றார்கள்.

வீட்டில் அப்பா அண்ணனை அடிக்காத குறை. "ஆர்றா உனக்குக் காசு குடுத்தது?"

"ஆரும் குடுக்கலீங்கப்பா. ரெண்டு பட்டையும் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிஞ்சுது."

"சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரியா? எங்கிட்டயே கதை விடறயா?"

நானும் நம்பவில்லை. அண்ணனின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் பார்த்தேன்.

மில் டாக்டர் சின்ன வயதுக்காரர். அப்பாவையும் அண்ணனையும் கூப்பிட்டனுப்பினார். புள்ளி புள்ளியாக நிறம் அச்சிட்ட ஒரு புத்தகத்தில் எண்களைக் காட்டி அண்ணனைப் படிக்கச் சொன்னார். பல பக்கங்களில் அண்ணனுக்கு எண்ணே தெரியவில்லை. இது நோய் இல்லை, பிறவியிலேயே வருவது, சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது என்றார் டாக்டர். பிறகு, "உங்க பரம்பரையில வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று அப்பாவிடம் கேட்டார்.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. எங்கள் பக்கம் பரம்பரை என்றால் கூட்டம். கூட்டம் அப்பா வழியில் வருவது. அம்மா பிறந்த வீட்டார் வேறு கூட்டம். அவர்கள் நமக்குச் சம்பந்தக்காரர்களே தவிரப் பரம்பரை ஆகமாட்டார்கள். அப்பா தன் அப்பா, பாட்டன், பூட்டன், பங்காளிகள் எல்லோரையும் வரிசையாகச் சொல்லி, "எங்க பரம்பரையில ஒருத்தருக்கும் கண்ணுல கொறை இல்லீங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு வந்தார்.

மேனேஜருக்கு அது நல்ல பிடியாகப் போயிற்று. "பரம்பரையில் இல்லாதது திடீரென்று எங்கிருந்து வந்தது? எண் தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் தெரியும். சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்" என்றாராம்.

மறுநாள் சாயங்காலம் மாமா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை. நான் அடுப்படியில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தேன். அண்ணனை உள்ளே இழுத்துக்கொண்டு வந்து, கதவைச் சாத்திக் கேட்டார்:

"உனக்கு ஆர்றா சொன்னது?"

"எதை மாமா?"

"சிவப்பும் பச்சையும் தெரியாதுன்னு சொல்லச் சொல்லி. ஆர் சொன்னது? உங்கத்தையா?"

அத்தை எதற்கு இதில் வருகிறார் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணனுக்கும் புரியவில்லை. மாமா என் முறத்தை வாங்கி, பழுத்ததும் காயுமாகக் கலந்து கிடந்த மிளகாயை அவன் முன்னால் வைத்தார். "பிரி" என்றார். அண்ணன் பிரித்தான். இரண்டு குவியலிலும் இரண்டும் கிடந்தன. மாமா என்னைப் பார்த்து, "சரியா இருக்குதா அம்மணி?" என்றார்.

"இல்லீங்க மாமா."

"வேணும்னு மாத்தி வெக்கறானா?"

அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா, நம்ம ஊட்டுப் பொறத்தால செவ்வரளி பூத்திருக்குதுன்னு இவ சொல்லுவா. எனக்கு எட்ட நின்னா செடி மட்டுந்தானுங்க தெரியும். கிட்டப் போயித் தொட்டாத்தான் பூ இருக்கறதே தெரியும். சொன்னாச் சிரிப்பாங்கன்னு இத்தனை நாளும் சொல்லலீங்க."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. அவர் சரியா என்று என்னிடம் கேட்டது அண்ணனைச் சோதிக்க இல்லை. அவருக்கே தெரியவில்லை.

உலகத்தில் தனக்கு மட்டும்தான் இந்தக் குறை என்று மாமா நினைத்திருந்தார். அதை அண்ணன் எப்படியோ கண்டுபிடித்து, தான் தப்பிக்க அதையே சொல்கிறான் என்று பயந்துதான் வந்திருந்தார். நிறத்துக்குச் சாட்சி கேட்டது, நூலை விரலில் உருட்டியது எல்லாம் அதை மறைக்கத்தான். நாங்கள் சந்தேகக் குணம் என்று பேர் வைத்திருந்தோம்.

அடுத்த நாள் அண்ணனைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். அங்கே அவர் தனக்கு என்று சொல்லவில்லை. "ஒருத்தருக்கு இருக்குதுங்க. அவரு பையனுக்கு இல்லீங்க. ஆனா தங்கச்சி பையனுக்கு இருக்குது. இது எப்படிங்க?" என்றார். டாக்டர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அதுதான் சரியான கணக்கு என்றாராம்.

"நிறம் பார்க்கிறதுக்கான குறிப்பு பொண்ணுங்க உடம்புல ரெண்டு இருக்கும். அப்பா குடுத்தது ஒண்ணு, அம்மா குடுத்தது ஒண்ணு. ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு பார்த்துக்கும். ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணுதான். அது அம்மா குடுத்தது. அது பழுதுன்னா பழுதுதான். அப்பா அதை மகனுக்குக் குடுக்கறதே இல்லை. மகளுக்குத்தான் குடுப்பார். மகள் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது. அவ பையனுக்கு வரலாம், வராமலும் போகலாம்."

"பொம்பளைங்ககிட்ட ஒளிஞ்சிருந்துட்டு ஆம்பளைங்ககிட்ட வெளிய வருதுங்களா? திருடனாட்டமல்ல இருக்குது. நெசமாத்தான் சொல்றீங்களா?"

"தாய்மாமன் வழியா விசாரிச்சுப் பாருங்க" என்றார் டாக்டர்.

மாமாவுக்கு டாக்டர் சொன்னால் போதுமா? ஒரு பையில் பழுத்த மிளகாயும் பச்சை மிளகாயும் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். முதலில் வெள்ளகோவில், சித்தி வீடு. சித்திக்கு இரண்டு பையன்கள். சொல்லாமல் கொள்ளாமல் தன் அண்ணன் வந்து நின்றதும் சித்தி, விருந்துக்கு வந்திருக்கிறாரா, சண்டைக்கு வந்திருக்கிறாரா என்று விழித்திருக்கிறார். மாமா பையன்கள் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு மிளகாய் பிரிக்கச் சொன்னார். பெரியவன் சரியாகப் பிரித்தான். சின்னவனுக்குத் தெரியவில்லை. சித்தி அழுதுவிட்டார். "அண்ணா, எங்கிட்ட இருந்தா வந்துச்சு?" என்று கேட்டாராம். "அழுவாத. உனக்கு நம்ம அம்மா குடுத்தது. அம்மாவுக்கு ஆர் குடுத்ததுன்னு பாக்கத்தான் போறேன்" என்றாராம் மாமா.

பல்லடத்துக்குப் பக்கத்தில் அவருடைய தாய்மாமன் இருந்தார். வயதானவர். யாரோடும் ஒட்டாமல் தோட்டத்திலேயே கிடப்பவர். மாமாவைப் பார்த்ததும் கைத்தடியை எடுத்திருக்கிறார். "இத்தனை வருசம் கழிச்சு எதுக்குடா வந்த? தோட்டத்துல பங்கு கேக்கவா?"

மாமா பையைக் கவிழ்த்தார். "இதுல பழுத்தது எதுங்க மாமா?"

கிழவர் மிளகாயைப் பார்க்கவே இல்லை. மாமாவின் முகத்தைத்தான் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உனக்கு ஆர்றா சொன்னது?"

இதை எங்களிடம் சொல்லும்போது மாமா சிரித்தார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "நான் கேட்ட அதே கேள்விடா மணி. பல்லு மட்டுந்தான் இல்ல, மத்தபடி அதே கேள்வி" என்று அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "அப்ப உன்ற வகையில இருந்துதான் வந்திருக்குது" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"மாப்ளெ" என்றார் மாமா. "வந்தது என்ற வகையிலதான். வேலை போறதும் என்ற வகையிலயே போகட்டும். நான் திங்கக்கிழமை வாரேன்."

நிறம் தெரியாதவர் ஸ்பின்னிங் மேஸ்திரியாக இருக்க முடியாது. இத்தனை வருஷம் மறைத்தது தெரிந்தால் அவரையும் வெளியே அனுப்பலாம். அத்தை வந்து அம்மாவோடு சேர்ந்து அழுதார். "இத்தனை வருசம் கூட இருந்தேனே, எனக்குத் தெரியலையே" என்றார்.

விசாரணையில் நடந்ததை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமா எழுந்து நின்று, தனக்கும் சிவப்பும் பச்சையும் தெரியாது, தன் தாய்மாமனுக்கும் தெரியாது, தங்கைகளின் மகன்களில் இரண்டு பேருக்குத் தெரியாது என்று சொன்னார். மேனேஜர் சிரித்தார். "மேஸ்திரி, மருமகனைக் காப்பாத்த நல்ல வழி கண்டுபிடிச்சிருக்கீங்க. நிறம் தெரியாதவரா இத்தனை வருஷம் ஒரு கூடைகூடக் கலக்காம பாத்தீங்க?"

வாழ்க்கை முழுக்க யாரையும் நம்பாத மாமாவை, அவர் மெய் சொன்ன நாளில் யாரும் நம்பவில்லை.

நூல் இல்லாத காலிப் பாபின்களைக் கொண்டுவரச் சொன்னார் மாமா. பிரித்துக் காட்டினார். தப்பும் சரியுமாக வந்தது. வேண்டுமென்றே மாற்றி வைக்கிறீர்கள் என்றார் மேனேஜர். அப்போது டாக்டர் தன் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை மேனேஜரிடம் நீட்டினார்.

"இதில் என்ன எண் தெரியுது உங்களுக்கு?"

"எண் ஒண்ணும் இல்லையே. வெறும் புள்ளி."

"நம்ம கண்ணுக்குத் தெரியாதுங்க. எனக்கும் தெரியாது. இந்தக் குறை இருக்கிறவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்."

மாமாவை வெளியே அனுப்பிவிட்டு அண்ணனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். அண்ணன் உடனே, "நாப்பத்தஞ்சுங்க" என்றான். பிறகு அண்ணனை வெளியே நிறுத்தி மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமா வழக்கம் போல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்னங்க ஏமாத்து வேலையா? பளிச்சுன்னு நாப்பத்தஞ்சு போட்டிருக்குதே" என்றார்.

மேனேஜர் புத்தகத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம், கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தாராம். அவருக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. நீங்களும் நானும் பார்க்க முடியாததை இவர்கள் இருவரும் பார்க்கிறார்கள், இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது என்றார் டாக்டர்.

அண்ணன்மேல் இருந்த குற்றத்தைத் தள்ளிவிட்டார்கள். அவனை நிறம் பார்க்க வேண்டாத, பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் பகுதிக்கு மாற்றினார்கள். மாமாவை வெளியே அனுப்பவில்லை. ஆனால் மேஸ்திரி வேலை போயிற்று. பஞ்சு குடோனில் பேல் இறக்கும் ஆட்களோடு போட்டார்கள். நேற்றுவரை அவர் அதட்டியவர்கள் இன்று அவரோடு நின்றார்கள். அத்தைக்கு அது ஆறவே இல்லை. மாமாவிடம் கேட்டால், "அங்க எல்லாம் வெள்ளை கண்ணு. ஆரையும் ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல" என்பார். அவர் அங்கேதான், வேலை நடுவில், கொஞ்சம் உட்கார்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் ஏன் குடோனுக்குப் போனார் என்பதற்கு இதுதான் காரணம். வேறு எதுவும் இல்லை.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். அண்ணன் இதைப் படிக்கும்போது நான் கூட்டத்தில் இருக்கமாட்டேன், உள்ளே போய்விடுவேன்.

போன பொங்கலுக்கு மாமா வந்திருந்தபோது, என்னைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார். "இந்தப் புள்ளைகிட்ட ஒளிஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டார். டாக்டர் என் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்துத் தெரியாது என்றார். அம்மா கொடுத்த ஒன்று நல்லதாகவும் இருக்கலாம், பழுதாகவும் இருக்கலாம். பாதிக்குப் பாதி என்றார். எனக்கு ஒரு மகன் பிறந்து, அவன் வளர்ந்தால்தான் தெரியலாம் என்றார்.

அங்கிருந்து நடந்து வரும்போது என் கை, என் கால், என் கண் எல்லாவற்றின்மீதும் எனக்கே சந்தேகம் வந்தது. என் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாமல் நான் நடந்துகொண்டிருந்தேன். வீட்டு முக்கு வந்ததும் மாமா நின்றார்.

"அம்மணி, அது இருந்தா இருந்துட்டுப் போகுது. நாங்க மூணு தலைமுறை கெட்டது அதுனால இல்ல. சொன்னா நம்பமாட்டாங்கன்னு ஒளிச்சமே, அதுனாலதான்."

மாமா, எனக்கு ஒரு மகன் பிறந்து, அவன் ஒருநாள் வந்து, "அம்மா, எனக்கு இப்படித் தெரியுது" என்று சொன்னால், நான் இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டேன். அவன் சொல்வதை நம்புவேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.